கேட்டு எழுதும் ஆய்வு: விளையாட்டு, உடற்கல்வி மாணவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

உடற்கல்வித் துறை நூலகத்தில் ஆய்வேடுகள் அடுக்கியிருக்கும் அலமாரியைப் பார்த்தால் பெரும்பாலான தலைப்புகள் ஒரே அச்சில் இருக்கும். பன்னிரண்டு வாரப் பயிற்சி, முன்தேர்வு, பின்தேர்வு, இரண்டு குழுக்கள், கடைசியில் குழுக்களின் வித்தியாசத்தைச் சோதிக்கும் ஒரு டி-மதிப்பு. வேகம் கூடியதா, தாங்குதிறன் கூடியதா என்று அறிய அதுதான் சரியான வழி. ஆனால் பள்ளி அணியில் நன்றாகக் கபடி ஆடிக்கொண்டிருந்த பெண் பதினொன்றாம் வகுப்பில் மைதானத்தின் பக்கமே வராமல் போனது எப்படி என்பதை ஸ்டாப்வாட்ச் சொல்லாது. அவரிடம் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். கேட்டதை எழுத வேண்டும். எழுதியதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்த வழியை மற்றவர்களுக்குத் திறந்து காட்ட வேண்டும். இந்த மூன்றையும் முறையாகச் செய்வதைத்தான் பண்புசார் ஆய்வு என்கிறோம்.

பி.பி.எட்., எம்.பி.எட்., விளையாட்டு அறிவியல் படிப்பவர்களுக்கு இதில் ஒரு பெரிய பலம் இருக்கிறது. நீங்கள் களத்திலிருந்து வந்தவர். ரெய்டுக்குப் போகும்போது வயிற்றில் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். அதே பலம்தான் உங்கள் பெரிய சிக்கலும். எதிரில் இருப்பவர் உங்களை மாஸ்டராகவோ சீனியராகவோ பார்க்கிறார். மாஸ்டருக்குப் பிடித்த பதிலைத்தான் முதலில் சொல்வார். கீழே வரும் எல்லாப் படிகளிலும் இந்த ஒன்றை மறக்காதீர்கள். முறை என்ற பெயரில் நாம் செய்வதில் பாதி, இந்தச் சிக்கலைச் சமாளிப்பதுதான்.

"இதெல்லாம் ஆய்வா?" என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு சின்ன வரலாறு உண்டு. விளையாட்டு உளவியலாளர் ரெய்னர் மார்ட்டென்ஸ் 1979-லேயே, ஆய்வகத்தை விட்டு மைதானத்துக்கு வாருங்கள் என்று தன் துறையினரை அழைத்துக் கட்டுரை எழுதினார். 1989-லும் 1991-லும் வெளியான கட்டுரைகளில் தாரா ஸ்கான்லனும் உடன் ஆய்வாளர்களும் 26 முன்னாள் பனிச்சறுக்கு நடன வீரர்களிடம் ஆழ்ந்த நேர்காணல் எடுத்து, அவர்களின் மகிழ்ச்சியும் மன அழுத்தமும் எங்கிருந்து வந்தன என்று வகைப்படுத்தினார்கள். விளையாட்டு, உடற்பயிற்சி, உடல்நலம் ஆகியவற்றில் பண்புசார் ஆய்வுக்கென்றே 2009-ல் ஒரு தனி ஆய்விதழ் தொடங்கியது. இன்று இது ஓரத்தில் கிடக்கும் முறை இல்லை.

படி 1: கேள்வியைச் செதுக்குங்கள்

"பெண்கள் கபடியை ஏன் விடுகிறார்கள்?" முதல் நாள் கேள்வி இப்படித்தான் இருக்கும். இதில் பல கோளாறுகள். எந்தப் பெண்கள் என்று இல்லை. "ஏன்" என்ற சொல் ஒற்றைக் காரணத்தைத் தேட வைக்கிறது. "விடுகிறார்கள்" என்பதில், முடிவெடுத்தது அவர்கள்தான் என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. மாஸ்டர் மாற்றலாகிப் போயிருக்கலாம். புதிய பள்ளியில் பெண்கள் அணியே இல்லாமல் இருந்திருக்கலாம்.

இப்படி மாற்றிப் பாருங்கள்: "பள்ளி அணியில் கபடி ஆடி, பத்தாம் வகுப்புக்குப் பின் ஆடாமல் போன பெண்கள், அது நடந்த விதத்தை எப்படி விவரிக்கிறார்கள்?" யார் என்பது தெளிவு. எந்தக் காலம் என்பது தெளிவு. அவர்கள் சொல்லப்போவதை நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்யவும் இல்லை. இந்த வழிகாட்டி முழுக்க இந்தக் கேள்வியையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

ஒரு எளிய சோதனை: பதில் சதவீதமாகவோ ஆம்-இல்லை என்றோ வந்துவிடும் என்றால் அது கணக்கெடுப்புக்கான கேள்வி. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் பரிந்துரைத்தது. எத்தனை பேர் அதை எட்டுகிறார்கள் என்பதை அளவுசார் முறையில், அதாவது எண்ணிக் கணக்கிட்டு, அறியலாம். மில்லில் நைட் ஷிப்ட் பார்க்கும் ஒருவருடைய நாளில் அந்த 150 நிமிடத்துக்கு எங்கே இடம் இருக்கிறது, அவர் அதை எப்படிப் பார்க்கிறார் என்பது நம்முடைய கேள்வி.

படி 2: உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள்

களத்துக்குப் போவதற்கு முன் செய்யும் வேலை இது. நான் யார், இந்த விளையாட்டோடு எனக்கு என்ன தொடர்பு, என்ன பதில் வரும் என்று எதிர்பார்க்கிறேன், எந்தப் பதில் வந்தால் எனக்குக் கோபம் வரும்? "பெற்றோர்தான் தடை" என்று மனதுக்குள் நினைத்திருந்தால் அதை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். பின்னால் பகுப்பாய்வில் "பெற்றோர் தடை" என்ற தலைப்பு முளைக்கும்போது, அது தரவிலிருந்து வந்ததா உங்களிடமிருந்து வந்ததா என்று இந்தப் பக்கத்தை வைத்துத்தான் பார்க்க முடியும்.

ஆய்வு முடியும்வரை இதே நோட்டில் தொடர்ந்து எழுதுங்கள். ஆய்வேட்டில் ஆய்வாளரின் நிலைப்பாடு பற்றிய பகுதிக்கு இதுவே மூலப்பொருள்.

படி 3: முறையைத் தேர்ந்தெடுங்கள்

பாடப்புத்தகங்களில் இந்த இடத்தில் ஐந்தாறு பெயர்கள் வரும். ஒருவரின் வாழ்க்கைக் கதையை முழுதாக எடுத்துப் பார்ப்பது கதையாடல் ஆய்வு. ஓர் அனுபவம் உள்ளிருந்து எப்படி இருக்கிறது என்று பார்ப்பது நிகழ்வியல் ஆய்வு. ஒரு பள்ளியையோ அணியையோ பல பக்கங்களிலிருந்து பார்ப்பது தனிநிலை ஆய்வு. தரவிலிருந்தே ஒரு கோட்பாட்டைக் கட்டி எழுப்புவது, கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967-ல் முன்வைத்த வழி.

ஒரு குழுவோடு நீண்ட நாள் வாழ்ந்து எழுதுவது இனவரைவியல். இதற்கு விளையாட்டுத் துறையில் எல்லாரும் சொல்லும் எடுத்துக்காட்டு லோயிக் வாக்கான். பிரெஞ்சு சமூகவியலாளரான இவர் 1988-ல் சிகாகோவின் தெற்குப் பகுதியில் ஒரு குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்து, சுமார் மூன்று ஆண்டுகள் அங்கேயே பயிற்சி எடுத்து, போட்டியிலும் இறங்கினார். உடம்பால் கற்றதை அவர் தரவாக ஆக்கினார். உடற்கல்வி மாணவர்கள் இவரை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் ஆறு மாத ஆய்வேட்டில் இதைச் செய்துவிட முடியாது.

முதல் முறை செய்பவருக்கு என் பரிந்துரை: நேர்காணல், கூடவே கொஞ்சம் நேரடிக் கவனிப்பு, பிறகு கருப்பொருள் பகுப்பாய்வு, அதாவது பலரின் பேச்சில் இழையோடும் பொதுவான கருத்துகளைக் கண்டு அடுக்குவது. இது போதும். பெரிய பெயர் ஒன்றை முகப்பில் போட்டுவிட்டு உள்ளே சாதாரண நேர்காணல் வைத்திருந்தால் தேர்வாளர் முதல் கேள்வியிலேயே பிடித்துவிடுவார்.

படி 4: யாரிடம், எத்தனை பேரிடம்

இங்கே குலுக்கல் முறை வேண்டாம். கேள்விக்கு விஷயம் உள்ள ஆட்களை வேண்டுமென்றே தேடிப் போக வேண்டும். பழைய பி.டி. மாஸ்டர் வழியாகவே எல்லாரையும் பிடித்தால், மாஸ்டரோடு நல்லுறவில் இருப்பவர்கள் மட்டுமே கிடைப்பார்கள். சண்டை போட்டு வெளியேறியவர் கிடைக்கமாட்டார். பழைய அணிப் படத்தை எடுத்துக்கொண்டு தோழிகள் வழியாகவும் தேடுங்கள். ஆடுவதை நிறுத்தாமல் கல்லூரி அணி வரை போன ஓரிருவரிடமும் பேசுங்கள். அவர்களுக்கு எது சாத்தியமானது என்று தெரிந்தால் மற்றவர்களுக்கு எது இல்லை என்பது துலங்கும்.

எண்ணிக்கைதான் மாணவர்களை அதிகம் பயமுறுத்துகிறது. ஜான் கோட்டே 1999-ல் கனடாவில் நான்கு குடும்பங்களை மட்டும் எடுத்துக்கொண்டார்: மூன்று துடுப்புப் படகு வீரர்கள், ஒரு டென்னிஸ் வீரர், அவர்களின் பெற்றோர், உடன்பிறந்தோர் என மொத்தம் 15 நேர்காணல்கள். குழந்தை பல விளையாட்டை ருசி பார்க்கும் காலம், ஒன்றிரண்டில் ஊன்றும் காலம், முழு உழைப்பைக் கொட்டும் காலம் என்று அவர் அதிலிருந்து எழுதியதை இன்றும் உலகமெங்கும் பயிற்சியாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களிடம் எடுத்த நேர்காணல்களை 2006-ல் திரும்ப ஆராய்ந்த கெஸ்ட் குழுவினர், முதல் 12 நேர்காணல்களுக்குள்ளேயே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டன என்று கண்டார்கள். இதை "12 போதும்" என்று சட்டமாக்கிவிடாதீர்கள். ஒரே மாதிரியான ஆட்களிடம் குறுகிய கேள்வி கேட்டால் குறைவாகவே போதும்; பலதரப்பட்டவர்கள் என்றால் கூடுதலாக வேண்டும். நம் கபடிக் கேள்விக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு நல்ல நேர்காணல்கள் நியாயமான இலக்கு.

படி 5: அனுமதியும் ஒப்புதலும்

கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதல் கைக்கு வந்த பிறகுதான் முதல் நேர்காணல். பள்ளிக்குள் போவதாக இருந்தால் தலைமையாசிரியரின் அனுமதி வேண்டும். அரசுப் பள்ளி என்றால் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் வரை போக வேண்டியிருக்கும். இதற்கு நாள் பிடிக்கும், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

பங்கேற்பவர் 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் ஒப்புதல் கட்டாயம். அது மட்டும் போதாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி 7 முதல் 12 வயது வரை பிள்ளையின் வாய்மொழிச் சம்மதமும், அதற்கு மேல் 18 வரை எழுத்துச் சம்மதமும் வாங்க வேண்டும். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதற்காகப் பிள்ளை பேசியாக வேண்டும் என்றில்லை. உங்கள் அணியில் இப்போது ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடம் நீங்களே ஒப்புதல் கேட்காதீர்கள். அணித் தேர்வு உங்கள் கையில் இருக்கும்போது அவர்களால் "வேண்டாம் மாஸ்டர்" என்று சொல்ல முடியுமா? வேறொருவரை விட்டுக் கேளுங்கள்.

இன்னொன்று, மிக முக்கியமானது. "நீங்கள் சொல்வது எதுவும் வெளியே போகாது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு குழந்தை பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானது தெரியவந்தால், போக்சோ சட்டம் 2012-ன் பிரிவு 19-ன்படி அதைக் காவல்துறைக்குச் சொல்வது தெரிந்த எவருக்கும் கடமை. ஆய்வாளருக்கு விலக்கு இல்லை. எனவே விளக்கத் தாளிலேயே எழுதுங்கள்: "உங்கள் பெயர் வராது. ஆனால் ஒரு குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் நான் உரியவர்களிடம் சொல்லியாக வேண்டும்." பேசத் தொடங்கும் முன் வாயாலும் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐத் தாளின் அடியில் அச்சிடுங்கள். விளையாட்டில் பயிற்சியாளருக்கு இருக்கும் அதிகாரம் மிகப் பெரியது. நீங்கள் கபடியைப் பற்றிக் கேட்கப்போய் வேறொன்றைக் கேட்க நேரலாம். அப்போது என்ன செய்வது என்று உங்கள் ஆய்வு நெறியாளரான கைடிடம் முன்பே பேசி வைத்திருங்கள்.

படி 6: நேர்காணல்

எட்டு முதல் பத்துக் கேள்விகள் கொண்ட தாள் போதும். வரிசை முக்கியம். முதல் கேள்வி எளிதாக, ஒரு காட்சியைக் கேட்பதாக இருக்கட்டும்: "பள்ளியில் ஆடிய காலத்தில் ஒரு பிராக்டிஸ் நாள் காலையிலிருந்து ராத்திரி வரை எப்படிப் போகும், சொல்லுங்களேன்." இதில் பஸ், சாப்பாடு, வீட்டு வேலை, தோழிகள் எல்லாம் தானாக வந்துவிழும். அடுத்து ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, ஆறாம் வகுப்பிலிருந்து இன்றுவரை ஒரு கோடு போட்டு, ஆட்டம் உச்சத்தில் இருந்த நாட்களையும் இறங்கிய நாட்களையும் குறிக்கச் சொல்லுங்கள். பேசக் கூச்சப்படுபவர்கள்கூட வரைந்ததைக் காட்டிப் பேசுவார்கள். கோடு சரியும் இடத்தில் விரலை வைத்து, "இங்கே என்ன நடந்தது?" என்று கேட்டால் போதும்.

"ஏன் விட்டுட்டீங்க?" என்று நேரடியாகக் கேட்காதீர்கள். நம் ஊரில் "ஏன்" என்பது பாதி நேரம் அதட்டலாகவே காதில் விழும். அவர் உடனே தன்னை நியாயப்படுத்தத் தொடங்கிவிடுவார். "அந்த முடிவு எப்படி வந்தது? யார் யார் பேசினாங்க?" என்று கேளுங்கள். "பெற்றோர் ஆதரவு கொடுக்கலையா?" என்பது போன்ற, பதிலைக் கையில் கொடுக்கும் கேள்விகளையும் அடித்துவிடுங்கள்.

அவர் பேசி நிறுத்தியதும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். விளையாட்டுக்காரர்களுக்கு இது கஷ்டம். நாம் விசில் அடித்துப் பழகியவர்கள். அந்த அமைதிக்குப் பிறகு வருவதுதான் பல நேரம் விஷயமே. "ம்", "அப்புறம்?", "கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க" இந்த மூன்றும் போதும். உங்கள் சொந்த அனுபவத்தை நடுவில் எடுத்துவிடாதீர்கள். "எனக்கும் அப்படித்தான்" என்று நீங்கள் சொன்ன நிமிடமே அவர் உங்கள் கதைக்கு ஏற்பத் தன் கதையை வளைத்துக்கொள்வார்.

இடத்தைப் பொறுத்துப் பதில் மாறும். மைதானத்தில் பேசினால் மாஸ்டர் காதில் விழும். வீட்டில் பேசினால் அம்மா பக்கத்தில் இருப்பார். எங்கே பேச வசதி என்று அவரையே கேளுங்கள். ஆண் ஆய்வாளர் என்றால், உடை, மாதவிடாய், காயம், ஊர்ப் பேச்சு போன்றவற்றை அந்தப் பெண் உங்களிடம் சொல்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. உடன் படிக்கும் பெண் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து அவரை நேர்காணல் எடுக்கச் சொல்லுங்கள். அதை ஆய்வேட்டிலும் எழுதுங்கள்.

பதிவுக்குப் போன் போதும். ஏரோப்பிளேன் மோடில் போடுங்கள், ஒரு நிமிடம் சோதனைப் பதிவு செய்து கேளுங்கள், இரண்டாவது போன் ஒன்றும் ஓடட்டும். திறந்த வெளியில் காற்று பாதிப் பேச்சைத் தின்றுவிடும். முதலில் ஒரு தோழியிடம் ஒத்திகை நேர்காணல் எடுத்துப் பாருங்கள். எந்தக் கேள்வி ஓடவில்லை என்று அங்கேயே தெரியும்.

குழு உரையாடல் வேண்டுமென்றால் ஐந்திலிருந்து எட்டுப் பேர். கேப்டனாக இருந்தவர் பேச, மற்றவர்கள் தலையாட்டும் நிலை வரும். அதனால் அவரைத் தனியாக நேர்காணல் எடுப்பது நல்லது.

படி 7: கவனிப்பும் களக்குறிப்பும்

நாலைந்து மாலைகள் ஒரு பயிற்சியை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். யார் முதலில் வருகிறார்கள், யார் மைதானத்தில் கோடு போடுகிறார்கள், பெண்களுக்கு மைதானத்தின் எந்த மூலை கிடைக்கிறது, எத்தனை மணிக்கு யார் வந்து யாரைக் கூட்டிப்போகிறார்கள்? நோட்டில் நடுவே கோடு போட்டு, பார்த்ததை இடது பக்கமும் நீங்கள் நினைத்ததை வலது பக்கமும் எழுதுங்கள். "பெண்கள் சோர்வாக இருந்தார்கள்" என்பது வலது பக்கம். "மூன்று பேர் தண்ணீர்க் குழாய் அருகே உட்கார்ந்துவிட்டார்கள்" என்பது இடது. அன்றிரவே விரித்து எழுதிவிடுங்கள்.

படி 8: பேச்சை எழுத்தாக்குதல்

ஒரு மணி நேரப் பதிவை எழுத நாலிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். பத்து நேர்காணல் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தானாக எழுத்தாக்கும் மென்பொருள்கள் வட்டார வழக்கில் தடுமாறும். அத்துடன் சிறுவர்களின் குரலை எங்கோ இருக்கும் சர்வரில் ஏற்றுவதற்கு உங்கள் ஒப்புதல் தாளில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பேச்சை இலக்கணத் தமிழாகத் திருத்தாதீர்கள். சிரிப்பு, தயக்கம், நீண்ட அமைதி எல்லாவற்றையும் குறியுங்கள். ஆய்வேடு ஆங்கிலத்தில்தான் என்றாலும் பகுப்பாய்வைத் தமிழ் எழுத்திலேயே செய்யுங்கள்; மேற்கோளாக எடுக்கும் பகுதிகளை மட்டும் கடைசியில் மொழிபெயர்த்தால் போதும்.

படி 9: கருப்பொருள் பகுப்பாய்வு

வர்ஜீனியா பிரவுனும் விக்டோரியா கிளார்க்கும் 2006-ல் எழுதிய ஆறு கட்ட வழிமுறைதான் இன்று அதிகம் பயன்படுகிறது: தரவில் தோய்தல், குறியிடல் (பேச்சின் ஒவ்வொரு துண்டுக்கும் அதன் பொருளைச் சொல்லும் சிறு குறிப்பு எழுதுதல்), கருப்பொருள்களைத் தேடுதல், சரிபார்த்தல், பெயரிடல், எழுதுதல். பட்டியலாகச் சொன்னால் எளிது. செய்து பார்த்தால்தான் புரியும். பயிற்சிக்காக நான் உருவாக்கிய ஒரு பதில் இது. உண்மையான யாருடைய பேச்சும் இல்லை:

"பன்னெண்டாவது பரிட்சை வருது, போதும்னு அம்மா சொன்னாங்க. நானும் சரின்னுட்டேன். உண்மையச் சொல்லணும்னா, பிராக்டிஸ் முடிய ஏழு மணி ஆயிடும். பஸ் ஸ்டாப்புல இருந்து தனியா நடந்து வரணும். அப்பா ரெண்டு நாள் வந்து நின்னாரு. எத்தன நாள் நிப்பாரு பாவம்? அப்புறம் அந்த ஷார்ட்ஸ் வேற. ஊர்ல ஒரு மாதிரி பேசுனாங்க."

அவசரக்காரர் இங்கே நான்கு சொற்களை எழுதிவிட்டுப் போவார்: படிப்பு, போக்குவரத்து, பெற்றோர், உடை. இவை வெறும் தலைப்புகள். மறுபடி படியுங்கள். "உண்மையச் சொல்லணும்னா" என்று ஒரு திருப்பம் இருக்கிறது. அப்படியானால் அதற்கு முன் சொன்ன பரிட்சை என்ன? எல்லாரும் கேள்வி கேட்காமல் ஏற்கும் காரணம். இதை ஒரு குறியாக எழுதலாம்: "பரிட்சை – வெளியே சொல்ல வசதியான காரணம்." அடுத்து, "எத்தன நாள் நிப்பாரு பாவம்?" அப்பா தடுக்கவில்லை, வந்து நின்றார். மகள்தான் அதைப் பாரமாக உணர்கிறார். குறி: "அப்பாவின் காத்திருப்பு மகளுக்குக் கடனாகத் தெரிவது." "நானும் சரின்னுட்டேன்": "எதிர்ப்பில்லாமல் ஒப்புதல்." உடையையும் ஊர்ப் பேச்சையும் சேர்த்து ஒரு குறி.

இரண்டாம் படியில் எழுதிய பக்கத்தை இப்போது எடுங்கள். "பெற்றோர்தான் தடை" என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா? இந்தப் பேச்சில் அப்பா தடையாக இல்லை.

எல்லா நேர்காணல்களையும் இப்படிக் குறியிட்டபின் ஒன்றோடொன்று சேர்பவற்றை அடுக்குங்கள். சீட்டுகளாக வெட்டித் தரையில் பரப்பலாம், எக்செல் தாளில் செய்யலாம், டாகெட் போன்ற இலவச மென்பொருளிலும் செய்யலாம். விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். கருப்பொருள் என்பது ஒரு வாக்கியமாகச் சொல்லக்கூடிய கருத்தாக இருக்க வேண்டும். "போக்குவரத்து" கருப்பொருள் ஆகாது. "பெண்ணின் ஆட்ட நேரம் வீட்டாரின் நேரத்தைக் கடன் வாங்குகிறது, அந்தக் கடனைத் தாங்க முடியாமல் அவரே விலகுகிறார்" என்பது ஆகும். அதோடு பொருந்தாத நேர்காணல் இருக்கிறதா என்று வேண்டுமென்றே தேடுங்கள். மைதானத்துக்கு எதிர்வீட்டிலேயே இருந்தும் ஆடாமல் போன பெண் ஒருவர் கிடைத்தால் உங்கள் கருப்பொருளை மாற்றி எழுத வேண்டியிருக்கும். ஆய்வில் நல்ல நாள் என்றால் அதுதான்.

மூன்று அல்லது நான்கு கருப்பொருள்கள் போதும். "கருப்பொருள்கள் தரவிலிருந்து வெளிப்பட்டன" என்று எழுதாதீர்கள். அவை தானாக வருவதில்லை, நீங்கள் உருவாக்கியவை. பிரவுனும் கிளார்க்கும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள்.

படி 10: நம்பகம், எழுத்து, வைவா

இவானா லிங்கனும் எகான் கூபாவும் 1985-ல் பண்புசார் ஆய்வுக்கென நான்கு அளவுகோல்களை வைத்தார்கள்: நம்பத்தக்கதா, வேறிடத்துக்குப் பொருத்திப் பார்க்க இயலுமா, வழிமுறை சீரானதா, முடிவு தரவில் ஊன்றியதா. அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நகலெடுப்பதில் பயனில்லை. பங்கேற்பாளரிடம் முடிவைக் காட்டி "சரி" வாங்குவதும், இருவர் தனித்தனியாகக் குறியிட்டு ஒப்பிடுவதும் தானாகத் தரத்தைத் தந்துவிடாது என்று பிரெட் ஸ்மித்தும் கெர்ரி மெக்கானனும் 2018-ல் விரிவாக வாதிட்டார்கள். விளையாட்டில் இது இன்னும் பொருந்தும்: மாஸ்டர் எழுதியதைக் காட்டினால் எந்த மாணவி "தப்பு" என்பார்? அதற்குப் பதில், உங்கள் கேள்வித்தாள், குறிகளின் பட்டியல், அவை மாறிய விதம், நோட்டுப் பக்கங்கள் இவற்றைப் பின்னிணைப்பில் வையுங்கள். உங்கள் வாசிப்பை எதிர்த்துக் கேள்வி கேட்க ஒரு நண்பரை வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போது மேற்கோளை மட்டும் போட்டுவிட்டு நகராதீர்கள். முன்னால் உங்கள் கருத்து, நடுவில் அவர் பேச்சு, பின்னால் அந்தப் பேச்சில் நீங்கள் பார்ப்பது என்ன என்ற விளக்கம். புனைபெயர் போட்டால் மட்டும் ஆளை மறைத்துவிட முடியாது. "2019-ல் மாநிலப் போட்டிக்குப் போன இடது கவர்" என்று எழுதினால் அந்த மாவட்டமே யார் என்று சொல்லிவிடும். செய்தித்தாளில் படமும் வந்திருக்கும். ஆண்டு, ஆடிய இடம், ஊர், பதக்கம் ஆகியவற்றில் ஆளைக் காட்டிக்கொடுப்பதை எடுத்துவிடுங்கள்.

வைவாவில், அதாவது ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வில், இரண்டு கேள்விகள் நிச்சயம் வரும். "பத்துப் பேரை வைத்து எப்படிப் பொதுமைப்படுத்துவீர்கள்?" எல்லாப் பெண்களுக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை, இந்தச் சூழலை விரிவாகக் காட்டியிருக்கிறேன், இதுபோன்ற சூழலில் இருப்பவர் பொருத்திப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். கோட்டேயின் நான்கு குடும்பங்களையும் குறிப்பிடுங்கள். "உங்கள் கருதுகோள் என்ன?" கருதுகோளைச் சோதிக்கும் ஆய்வில்லை இது, ஆய்வுக் கேள்வியிலிருந்து தொடங்கியது என்று சொல்லி, அந்தக் கேள்வியை அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

பட்டம் கிடைத்த பிறகும் ஒரு வேலை பாக்கி. ஒப்புதல் தாளில் எழுதிய காலக்கெடு வந்ததும் குரல் பதிவுகளை இரண்டு போனிலிருந்தும் அழியுங்கள். முடிவுகளை இரண்டு பக்கத் தமிழில் சுருக்கிப் பேசியவர்களுக்கும், பள்ளித் தலைமையாசிரியருக்கும், பி.டி. மாஸ்டருக்கும் கொடுங்கள். பயிற்சியை மாலை ஐந்தரைக்குள் முடிக்க முடியுமா என்று அவர்கள் யோசிக்க அந்த இரண்டு பக்கம் போதும்.